டாஸ்க்பாரைத் தொலைப்பதற்கு முன்

"கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், சார். டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு எதுவும் இல்லாமல், ஓரத்தில் ஒரு கடிகாரமும் நடுவில் நான்கு ஐகானுமாகச் சிலர் வைத்திருக்கும் டெஸ்க்டாப்பை வீடியோக்களில் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. விண்டோஸின் ஷெல்லையே மாற்றினால்தான் அது வரும் என்கிறார்கள். எங்கே தொடங்குவது? வீட்டில் ஒரே லேப்டாப். மாலையில் அக்கா அதில்தான் ஆன்லைன் டியூஷன் எடுக்கிறாள். ஏதாவது ஆகிவிட்டால் தொலைந்தேன்."

தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கடைசி வரிதான். இந்த ஆசையை எழுதுகிறவர்கள் நிறைய. கூடவே பயத்தையும் எழுதுகிறவர்கள் குறைவு. நான் பயமில்லாமல் தொடங்கி வாங்கிக் கட்டிக்கொண்டவன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விண்டோஸ் 98 காலம். ஒரு டிடிபி கடையில் வேலை. லைட்ஸ்டெப் என்ற மாற்று ஷெல்லைப் பற்றிப் படித்துவிட்டு, ஒருநாள் இரவு கடையின் கணினியிலேயே போட்டுப் பார்த்தேன். அப்போது வழி எளிது. சிஸ்டம்.ஐஎன்ஐ என்ற ஃபைலில் 'ஷெல்' என்று தொடங்கும் வரி ஒன்று இருக்கும். அதிலுள்ள எக்ஸ்ப்ளோரரின் பெயரை அழித்துவிட்டு, புது ஷெல்லின் இடத்தையும் பெயரையும் எழுத வேண்டும். எழுதினேன், ஓர் எழுத்தை விட்டுவிட்டு. காலையில் கணினியைப் போட்டால், ஷெல்லைக் காணவில்லை, விண்டோஸை மறுபடி நிறுவுங்கள் என்று ஒரு செய்தி. உள்ளே இரண்டு கல்யாணப் பத்திரிகைகள் பாதியில் நின்றன. சர்வீஸ் பையன் வந்து ஃபார்மட் போட சி.டி.யைக் கையில் எடுத்தேவிட்டான். பக்கத்து ஸெராக்ஸ் கடை அண்ணன்தான் தடுத்தார். தொடங்கும்போது எஃப் 8 விசையைத் தட்டி, கறுப்புத் திரைக்குப் போய், அந்த ஃபைலைத் திறந்து, விடுபட்ட எழுத்தைச் சேர்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

விண்டோஸ் கெட்டுப்போகவே இல்லை. ஒரு வரியில் ஓர் எழுத்து இல்லை, அவ்வளவுதான். எனக்குப் போகும் வழி தெரிந்திருந்தது, திரும்பும் வழி தெரியவில்லை. இன்றைக்கு உங்களுக்குச் சொல்லப்போவதில் பாதி, அந்தத் திரும்பும் வழி.

எதையும் இறக்காமல் முதல் பாடம்

வேர்க்கடலையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் பருப்பு கெர்னல். மேலே இருக்கும் ஓடு ஷெல். நினைவகம், ஹார்ட் டிஸ்க், புராசஸர் எல்லாவற்றையும் ஆள்வது பருப்பு. நம் கை படுவது ஓட்டின் மீது. விண்டோஸில் அந்த ஓட்டின் பெயர் எக்ஸ்ப்ளோரர். ஃபோல்டர்களைத் திறந்து காட்டுவதும் அதுவே, டாஸ்க்பாரையும் ஸ்டார்ட் மெனுவையும் டெஸ்க்டாப் ஐகான்களையும் நம் முன் நிறுத்துவதும் அதுவே.

இதைக் கண்ணால் பார்க்கலாம். திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். பட்டியலில் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' மீது வலது கிளிக் செய்து, 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். டாஸ்க்பார் போய்விடும், ஐகான்கள் போய்விடும். பயப்படாதீர்கள். பிரௌசர் திறந்திருந்தால் அது பாட்டுக்கு இருக்கும், பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் நிற்காது. ஓடு கழன்றுவிட்டது, பருப்பு அப்படியே இருக்கிறது. சில கணினிகளில் எக்ஸ்ப்ளோரர் தானாகவே திரும்பி வந்துவிடுவதும் உண்டு. வராவிட்டால் அதே டாஸ்க் மேனேஜரில் 'ரன் நியூ டாஸ்க்' என்பதைத் தேர்ந்து, எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். எல்லாம் பழையபடி வந்து உட்காரும்.

ஷெல் என்பது மற்ற மென்பொருள்களைப் போல ஒரு மென்பொருள்தான், அதை நிறுத்தலாம், தொடங்கலாம், வேறொன்றை அந்த இடத்தில் வைக்கலாம் என்பது இதில் விளங்கிவிடும். கூடவே, திரை வெறுமையாகிவிட்டால் எந்த மூன்று விசைகளை அழுத்த வேண்டும் என்பது விரலுக்குப் பழகிவிடும். யோசிக்காமல் கை போகும்வரை இதை மூன்று நான்கு முறை செய்து பாருங்கள்.

இந்தக் கதவு எப்போதிருந்து திறந்திருக்கிறது

1990-களின் தொடக்கத்தில், விண்டோஸ் 3.1-இல், ஷெல்லாக இருந்தது புரோகிராம் மேனேஜர். 1995-இல் விண்டோஸ் 95 வந்தபோது அந்த இடத்துக்கு எக்ஸ்ப்ளோரர் வந்தது. ஆனால் 'ஷெல் எது' என்று கேட்கும் வரியை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிடவில்லை. அந்த ஒரு வரியில்தான் 1990-களின் பிற்பகுதியில் லைட்ஸ்டெப், பிறகு பிளாக்பாக்ஸ் ஃபார் விண்டோஸ் போன்றவை குடியேறின. லைட்ஸ்டெப், லினக்ஸ் பக்கத்து ஆஃப்டர்ஸ்டெப்பைப் பார்த்து எழுதப்பட்டது. ஆஃப்டர்ஸ்டெப், ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனம் செய்த நெக்ஸ்ட்ஸ்டெப்பின் தோற்றத்தைப் பின்பற்றியது. இன்றைய மேக் கணினியின் டாக்குக்கும் அதே நெக்ஸ்ட்ஸ்டெப்தான் பாட்டன்.

அழகுக்காக மட்டும் யாரும் அதைப் போடவில்லை. ஒரே திரையில் நான்கைந்து தனித்தனி டெஸ்க்டாப்கள் வைத்துக்கொண்டு, ஒன்றில் எழுத்து வேலை, ஒன்றில் படம், ஒன்றில் அஞ்சல் என்று தாவிக்கொண்டிருந்தோம். விண்டோஸ் அந்த வசதியைத் தன் டாஸ்க்பாரிலேயே கொடுத்தது 2015-இல், விண்டோஸ் 10-இல்தான். இன்னொரு ஈர்ப்பு, லைட்ஸ்டெப்பின் அமைப்புகள் முழுவதும் நோட்பேடில் திறக்கும் எழுத்து ஃபைலில் இருந்தன. ஒரு வரியை மாற்றுவோம், ஷெல்லை மறுபடி ஏற்றுவோம், என்ன மாறியது என்று பார்ப்போம். கணினி மொழி ஏதும் தெரியாத என்னைப் போன்றவர்கள் நிரல் பக்கம் முதலில் எட்டிப் பார்த்தது அந்த ஃபைல் வழியாகத்தான்.

இன்றைக்கு முழு மாற்றம் உங்களுக்குத் தேவையா

நேராகச் சொல்கிறேன், பெரும்பாலும் தேவையில்லை. அன்றைய எக்ஸ்ப்ளோரர் தனிக்குடித்தனம். இன்று அது கூட்டுக்குடும்பம். அறிவிப்புகள், வைஃபை, ஒலி போன்றவற்றைத் திறக்கும் சிறு பலகை, விண்டோஸ் விசையோடு சேர்த்து அழுத்தும் குறுக்குவழிகள், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து வரும் சில செயலிகள் எல்லாம் அதன் தோளில் சாய்ந்திருக்கின்றன. அதை முழுவதும் எடுத்துவிட்டால் இவற்றில் எது நிற்கும், எது விழும் என்பதை ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீடியோக்களில் நீங்கள் பார்த்த டெஸ்க்டாப்களிலும் பெரும்பாலானவற்றில் ஷெல் மாற்றப்பட்டிருக்காது. எக்ஸ்ப்ளோரர் கீழே உயிரோடு இருக்கும். டாஸ்க்பாரை மறைத்துவிட்டு, மேலே வேறு மென்பொருளால் கடிகாரமும் ஐகான்களும் வரைந்திருப்பார்கள். ஆகவே கீழ்ப்படியிலிருந்து ஏறுங்கள். எந்தப் படியில் மனம் நிறைகிறதோ அங்கேயே நின்றுவிடலாம்.

முதல் படி: இருப்பதைத் துடைத்து வையுங்கள்

இதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம். டாஸ்க்பார் அமைப்புகளில் அது தானாக மறைந்துகொள்ளும் தெரிவைப் போடுங்கள். டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து, 'வியூ' பகுதியில் ஐகான்களைக் காட்டும் தெரிவை எடுத்துவிடுங்கள். ஃபைல்கள் அழியாது, கண்ணில் படாது, அவ்வளவுதான். விண்டோஸ் விசை, கன்ட்ரோல், டி மூன்றும் சேர்ந்தால் புதிய டெஸ்க்டாப் திறக்கும். விண்டோஸ் விசை, கன்ட்ரோலோடு இடது, வலது அம்புக்குறிகள் டெஸ்க்டாப் விட்டு டெஸ்க்டாப் தாவ. விண்டோஸ் விசையோடு 1, 2, 3 என்று அழுத்தினால் டாஸ்க்பாரில் அந்த வரிசையில் உள்ள செயலி திறக்கும்.

ஒரு வாரம் இப்படியே ஓட்டுங்கள். எதைத் தேடிக் கை போகிறது என்று கவனியுங்கள். மணி பார்க்கவா? பேட்டரி பார்க்கவா? குறிப்பிட்ட ஒரு ஃபோல்டருக்கா? அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த படியில் நீங்கள் செய்யப்போகும் டெஸ்க்டாப்பின் வரைபடம் அந்தத் தாள்தான்.

இரண்டாம் படி: ஒரே ஒரு கடிகாரம், உங்கள் கையால்

ரெயின்மீட்டர் என்ற மென்பொருள் 2001-லிருந்து இருக்கிறது. இலவசம், திறந்த மூலம். இது ஷெல்லை அகற்றாது. டெஸ்க்டாப்பின் மேல் சிறு சிறு பலகைகளை வரையும். அவற்றை ஸ்கின் என்பார்கள். ஒவ்வொரு ஸ்கினும் ஒரு எழுத்து ஃபைல்.

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். பளபளவென்று இருக்கும் ஸ்கின் தொகுப்புகளைப் பத்துப் பத்தாக இறக்குவார்கள். இரண்டு நாள் மகிழ்ச்சி. பிறகு ஒன்று திரைக்கு வெளியே போய்விடும், இன்னொன்று வேறு ஊரின் வானிலையைக் காட்டும். எங்கே திருத்துவது என்று தெரியாது, மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நீங்கள் வேறு மாதிரி செய்யுங்கள். வெற்று ஃபைல் ஒன்றில் மணி காட்டும் ஸ்கினை நீங்களே எழுதுங்கள். பதினைந்து வரிக்குள் முடிந்துவிடும்.

அந்த ஃபைலில் மூன்று பகுதிகள் வரும். முதலாவது, எத்தனை மில்லி நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று சொல்வது. 1000 என்றால் ஒரு நொடி. இரண்டாவது 'மெஷர்', அது அளக்கும். நேரத்தையோ பேட்டரியையோ புராசஸர் உழைப்பையோ கணினியிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும். மூன்றாவது 'மீட்டர்', அது காட்டும். எந்த இடத்தில், எந்த எழுத்துருவில், எந்த நிறத்தில், எவ்வளவு பெரிதாக என்பதெல்லாம் அதன் பொறுப்பு. அளப்பது வேறு, காட்டுவது வேறு என்ற இந்தப் பிரிவினை பிடிபட்டுவிட்டால், மற்றவர் எழுதிய எந்த ஸ்கினையும் திறந்து படிக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். சேமித்து, ஸ்கின் மீது வலது கிளிக் செய்து 'ரெஃப்ரெஷ்' கொடுங்கள். ஐந்து வரிகளைச் சேர்த்து மாற்றினால், எது கெடுத்தது என்று தேடி இரவு போய்விடும். நன்றாக வேலை செய்யும் ஒவ்வொரு நிலையிலும் ஃபோல்டரை ஒரு நகல் எடுத்து, தேதி போட்டு வையுங்கள்.

தமிழில் கிழமை காட்ட ஆசைப்பட்டால் ஒரு பொறி காத்திருக்கிறது. ஸ்கின் ஃபைலில் 'ஞாயிறு' என்று எழுதிச் சேமித்தால் திரையில் புரியாத கிறுக்கல்கள் வரக்கூடும். எழுத்துரு குற்றமில்லை. இன்றைய நோட்பேட் புது ஃபைலை, நாம் வேறு சொல்லாவிட்டால், யுடிஎஃப் 8 குறியாக்கத்தில் சேமிக்கும். ரெயின்மீட்டரோ தமிழ் போன்ற எழுத்துகளுக்கு யுடிஎஃப் 16 எல்இ குறியாக்கத்தை எதிர்பார்க்கும். 'சேவ் ஆஸ்' கொடுக்கும்போது கீழே இருக்கும் 'என்கோடிங்' பட்டியலில் அதைத் தேர்ந்தால் தமிழ் தமிழாக வரும். எழுத்துருவுக்கு விண்டோஸோடு வரும் நிர்மலா யுஐ போதும். உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆங்கில எழுத்துக்கு அளந்து வைத்த கட்டத்தில் 'கீ'யின் சுழி மேலேயும் 'ழு'வின் வால் கீழேயும் வெட்டுப்படும்.

மூன்றாம் படி: ஜன்னல்களை அடுக்குதல்

நிரல் எழுதுகிறவர்கள் மெச்சும் டெஸ்க்டாப்களில் ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல், பாய் விரித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மைக்ரோசாஃப்ட்டே தரும் பவர்டாய்ஸ் தொகுப்பில் உள்ள ஃபேன்சிசோன்ஸ் இதைப் பாதி செய்யும். முழுவதும் வேண்டுமானால் கிளேஸ்டபிள்யூஎம் போன்றவை உண்டு. அது லினக்ஸில் ஜன்னல்களை அடுக்கும் ஐ3 என்ற மென்பொருளைப் பார்த்துச் செய்தது. மவுஸைத் தொடாமல் விசைப்பலகையாலேயே ஜன்னல்களை நகர்த்தலாம். முதல் மூன்று நாள் எரிச்சலாக இருக்கும். அதற்கு மேலும் எரிச்சல் தீராவிட்டால் இது உங்களுக்கானதல்ல, விட்டுவிடுங்கள்.

பழைய ஸ்டார்ட் மெனுதான் வேண்டும் என்பவர்களுக்கு ஓப்பன் ஷெல் இருக்கிறது. கிளாசிக் ஷெல் என்ற பெயரில் பல ஆண்டுகள் ஓடி, அதை எழுதியவர் 2017-இல் நிறுத்திக்கொண்டபோது ஆர்வலர்கள் எடுத்து நடத்துவது. பெயரில் ஷெல் இருந்தாலும் இது எக்ஸ்ப்ளோரரை அகற்றாது.

நான்காம் படி: ஓட்டையே மாற்றுதல்

இத்தனைக்குப் பிறகும் ஆசை தீரவில்லையா? சரி. ஆனால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

ஒன்று: உங்கள் லேப்டாப்பில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது 'டிவைஸ் என்கிரிப்ஷன்' செயலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதுங்கள். சேஃப் மோடுக்குப் போகும்போது கணினி அதைக் கேட்கலாம். கையில் இல்லாவிட்டால் அக்காவின் பாடக்குறிப்புகளும் உள்ளே பூட்டிக்கொள்ளும்.

இரண்டு: அக்காவின் முக்கியமான ஃபைல்களை பென் டிரைவிலோ வெளி டிஸ்கிலோ நகல் எடுங்கள். பிறகு 'சிஸ்டம் ரெஸ்டோர்' புள்ளி ஒன்றை உருவாக்குங்கள். பல கணினிகளில் அந்த வசதி அணைந்தே கிடக்கும், முதலில் அதைப் போட வேண்டும்.

மூன்று, இதுதான் முக்கியம்: சோதனைக்கென்று தனி யூசர் கணக்கு தொடங்குங்கள். சாதாரணக் கணக்காக இருக்கட்டும், அட்மின் உரிமை வேண்டாம். எந்த ஷெல் ஏற வேண்டும் என்பதை இன்று, விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'வின்லாகன்' என்ற பகுதியில் உள்ள 'ஷெல்' மதிப்பு சொல்கிறது. அந்தப் பகுதி இரண்டு இடத்தில் உண்டு. 'லோக்கல் மெஷின்' கீழ் இருப்பது கணினி முழுவதற்கும். அதைத் தொடவே கூடாது. 'கரன்ட் யூசர்' கீழ் எழுதினால் அந்த ஒரு கணக்குக்கு மட்டும். சோதனைக் கணக்கில் எவ்வளவு குழப்பினாலும் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தி வெளியேறி, பழைய கணக்கில் நுழைந்தால் பழைய டெஸ்க்டாப் அப்படியே நிற்கும். ஒன்றுமே சரிப்படாவிட்டால் சோதனைக் கணக்கை அழித்துவிடலாம்.

நான்கு: இப்போது ஷெல்லைப் போடுங்கள். இன்றைய விண்டோஸில் தொடங்க கெய்ரோ டெஸ்க்டாப் ஏற்றது. முதலில் எக்ஸ்ப்ளோரரின் மேலேயே ஓடவிட்டுப் பழகலாம். பிடித்துப்போன பிறகு அதையே ஷெல்லாக வைக்கும் தெரிவு அதன் அமைப்புகளிலேயே உண்டு. லைட்ஸ்டெப்பைத் தொட்டுப் பார்க்க ஆசையிருந்தால் விர்ச்சுவல் பாக்ஸ் போன்ற ஒன்றில், கணினிக்குள் ஒரு பொய்க் கணினி வைத்து ஆடுங்கள்.

ஆன்டிவைரஸ் கூச்சல் போட்டால் திகைக்காதீர்கள். அந்த 'ஷெல்' மதிப்பில் தன் பெயரை எழுதிவிட்டு, ஒவ்வொரு லாகினிலும் ஏறிக்கொள்வது தீநிரல்களின் பழைய தந்திரம். அதனால் அந்த இடத்தில் யார் கை வைத்தாலும் சந்தேகம் வரும். அதற்காக ஆன்டிவைரஸை அணைத்துவிட்டுப் போடச் சொல்லும் வீடியோவை நம்பவும் வேண்டாம். மென்பொருளை அதைச் செய்கிறவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே எடுங்கள். ஸ்கின்னுக்குள்ளும் தீமுக்குள்ளும் டிஎல்எல் ஃபைல்கள் இருக்கலாம். அவை படமல்ல, நிரல். யார் எழுதியது என்று தெரியாத டிஎல்எல், வாசலில் நிற்கும் முன்பின் தெரியாத ஆளைப்போல. உள்ளே விடுமுன் விசாரியுங்கள்.

ஐந்து: புது ஷெல்லில் நுழைந்ததும் அழகை ரசிப்பதற்கு முன் இவற்றைச் சோதியுங்கள். வைஃபை மாற்ற முடிகிறதா? ஒலியைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா? பென் டிரைவைப் பத்திரமாகக் கழற்ற முடிகிறதா? தமிழ் 99 விசைப்பலகைக்கும் ஆங்கிலத்துக்கும் மாற முடிகிறதா, எந்த மொழியில் இருக்கிறோம் என்று தெரிகிறதா? தமிழில் பெயரிட்ட ஃபோல்டர் தமிழிலேயே தெரிகிறதா, கேள்விக்குறி வரிசையாகத் தெரிகிறதா? யூனிகோடுக்கு முன் எழுதப்பட்ட பழைய ஷெல்களில் இந்தக் கேள்விக்குறிகள் சகஜம்.

தாளில் எழுதி ஒட்ட வேண்டியது

திரும்பும் வழியைக் கணினிக்குள் ஒரு ஃபைலில் எழுதி வைக்காதீர்கள். டெஸ்க்டாப் போன பிறகு அந்த ஃபைலை எப்படித் திறப்பீர்கள்? தாளில் எழுதி, லேப்டாப் பையில் வையுங்கள்:

1. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப். 'ரன் நியூ டாஸ்க்'. எக்ஸ்ப்ளோரர்.

2. அதே இடத்தில் ரெஜ்எடிட். 'கரன்ட் யூசர்' கீழ் 'சாஃப்ட்வேர்', 'மைக்ரோசாஃப்ட்', 'விண்டோஸ் என்டி', 'கரன்ட் வெர்ஷன்', 'வின்லாகன்'. அங்கே நாம் சேர்த்த 'ஷெல்' மதிப்பை மட்டும் அழிக்கவும்.

3. அதுவும் முடியாவிட்டால் வெளியேறி, பழைய கணக்கு.

4. எதற்கும் மசியாவிட்டால் 'சேஃப் மோட் வித் கமாண்ட் பிராம்ப்ட்'. அங்கே ஷெல்லாக வருவது கறுப்புக் கட்டளைத் திரை. அதிலிருந்து சிஸ்டம் ரெஸ்டோர்.

பாதைப் பெயர்களைத் தாளில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தட்டும்போது எழுத்துக்கு எழுத்து தேவைப்படும்.

வேகம் கூடுமா

அடுத்த கடிதத்தில் இதைத்தான் கேட்பீர்கள். 32 எம்பி நினைவகம் இருந்த காலத்தில் இலகுவான ஷெல் போட்டால் வித்தியாசம் தெரிந்தது. இன்று நினைவகத்தைத் தின்பது ஷெல்லைவிட பிரௌசரில் நீங்கள் திறந்து போட்டிருக்கும் இருபது பக்கங்கள். வேகம் வேண்டுமென்றால் பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். இன்னொன்று, ஒலிக்கேற்ப ஆடும் பட்டைகள், அசையும் பின்னணிகள் எல்லாம் பேட்டரியைக் குடிக்கும். பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று நொடிக்கொருமுறை கேட்டுக்கொண்டே இருந்தால் அதற்கும் கொஞ்சம் செலவாகும்.

ஷெல்லை மாற்றும் உண்மையான சுதந்திரம் வேண்டுமென்றால் அது லினக்ஸில் இருக்கிறது. அங்கே இது கள்ள வழியல்ல, ராஜபாட்டை. எக்ஸ்எஃப்சிஇ, கேடிஇ பிளாஸ்மா, ஓப்பன்பாக்ஸ், ஐ3 என்று எத்தனை வேண்டுமானாலும் நிறுவிக்கொண்டு, எதில் நுழைவது என்பதை லாகின் திரையிலேயே தேர்ந்துகொள்ளலாம். லினக்ஸ் மின்ட்டை பென் டிரைவில் ஏற்றி, எதையும் நிறுவாமல் ஓட்டிப் பார்க்கலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதை விளையாட்டாக அல்லாமலும் யோசிக்கலாம்.

தம்பி, ஒரு டெஸ்க்டாப் நன்றாக அமைந்திருக்கிறதா என்பதற்கு வீடியோக்காரர்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டுவார்கள். உங்களுக்கு நான் வைக்கும் சோதனை வேறு. ராத்திரி சோதனைக் கணக்கில் ஷெல்லைக் கழற்றி, மாட்டி, கெடுத்து, சரிசெய்து, என்ன வேண்டுமானாலும் ஆடுங்கள். மறுநாள் மாலை அக்கா தன் கணக்கில் நுழைந்து, எதுவும் கேட்காமல், பிள்ளைகளுக்கு வகுப்பைத் தொடங்கிவிட்டார் என்றால் நீங்கள் தேறிவிட்டீர்கள்.